பெத்ரோலக்காவில் கம்பம் அடித்த நாள்

போன வாரம் அப்பாவும் மகளும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, சண்டை போட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அனெஸ்திஸ், எங்கள் சமவெளியின் நிலக்கரி மின் நிலையத்திலேயே தலை நரைத்தவர். மகள் சிமேலா, அந்த நிலக்கரியின் இடத்தைப் பிடிக்க வந்திருக்கும் சோலார் நிறுவனத்தில் எஞ்சினியர். மகன் இசாக், அப்பாவின் நிலையத்தில் பார்த்த ஒப்பந்த வேலை போனதும், அக்காவின் கீழேயே, சோலார் தகடுகளைத் தாங்கும் கம்பங்களை மண்ணில் அடிக்கும் மிஷின் ஓட்டச் சேர்ந்துவிட்டான்.

"ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குக் குழி வெட்டுறீங்க" என்றார் அனெஸ்திஸ்.

"தாத்தா எதுல செத்தார்னு உங்களுக்குத் தெரியாதா அப்பா? அந்தப் புகையிலதானே?" என்று கேட்டாள் சிமேலா.

அத்தோடு அந்தச் சாப்பாடு முடிந்தது.

இந்தச் சனிக்கிழமை, நிலையத்தின் கடைசி உலையை அணைக்கிறார்கள்.

காலையிலிருந்தே மூடுபனி. வீட்டு ஜன்னலிலிருந்து எப்போதும் தெரியும் நிலையத்தின் குளிர்கோபுரங்கள் இன்று தெரியவில்லை. அனெஸ்திஸின் மனைவி பார்தெனா சமையலறையில் வேகவைத்த கோதுமையைத் துணியிலிருந்து தட்டில் கொட்டி, மாதுளை முத்துகளையும் உலர்ந்த திராட்சையையும் கலந்து, மேலே சர்க்கரையைச் சலித்துக்கொண்டிருந்தாள். இன்று ஆத்மாக்களின் சனிக்கிழமை. தட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் பாதிரியார் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்.

அனெஸ்திஸ் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட நீலச் சீருடையில் வந்து நின்றார்.

"விழா ஏதாவது வைக்கிறாங்களா?" என்று கேட்டாள் பார்தெனா.

"திறக்கறதுக்கு மந்திரி வருவார். மூடறதுக்கு யார் வருவா?"

"ஒரு கேக்காவது வெட்டலாம்ல."

"உன் கோதுமையில ஒரு கிண்ணம் குடு. அதுதான் பொருத்தமா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. காபியை அவர் பக்கம் தள்ளினாள்.

"கோயில் முடிஞ்சதும் பெத்ரோலக்கா போறேன். நீயும் வா, அனெஸ்தி."

"எனக்கு ஷிப்ட்."

"வருஷா வருஷம் இந்த நாள்ல உனக்கு ஷிப்ட்தான்."

"இன்னிக்கு நிஜமாவே ஷிப்ட்."

"சரி. அடுத்த வருஷம் என்ன சொல்லுவே?"

அவர் காபியை நின்றபடியே குடித்தார். கோப்பையைக் கழுவி வைத்தார். இதற்கு முன் அவர் கோப்பை கழுவி பார்தெனா பார்த்ததில்லை. பிறகு போய்விட்டார்.

பெத்ரோலக்கா அவர்கள் இருவரும் பிறந்த ஊர். அடியில் நல்ல கரி கிடக்கிறது என்று சொல்லி ஊரையே அரசு கையகப்படுத்தியது. வீடுகளை இடித்தார்கள், கோயிலை இடித்தார்கள், கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைப் புதுக் குடியிருப்பின் இடுகாட்டுக்கு மாற்றினார்கள். பிறகு ஐரோப்பா முழுக்கக் கரியை விடுவது என்று முடிவானது. வெட்டிக்கொண்டே வந்த சுரங்கம் ஊர் எல்லைக்கு வரும் முன்பே நின்றுவிட்டது. கரி அங்கேயேதான் கிடக்கிறது. ஊர் மட்டும் இல்லை.

அந்த நிலம் இப்போது என்ன ஆயிற்று என்று பார்தெனாவுக்குக் கோயில் வாசலில்தான் தெரிந்தது. பழைய பக்கத்து வீட்டுக்காரி தெயோபிஸ்தி தட்டைக் கையில் ஏந்தியபடி நெருங்கி வந்தாள்.

"உன் மக நம்ம ஊரை வேலி போட்டு வளைச்சிருக்காளே. உங்கிட்டக் கேட்டுட்டுத்தானே செஞ்சா?"

"எந்த ஊரை?"

"நமக்கு எத்தனை ஊர் இருக்கு, பார்தெனா? மேட்டுப் பக்கம் முழுக்கக் கம்பம் அடிக்கிறாங்க. மிஷின்ல உக்காந்திருக்கறது உன் பையன். எனக்கே தெரியுது, உனக்குத் தெரியாதா?"

உள்ளே பெயர்களை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். பார்தெனா தன் தட்டை உள்ளே கொண்டுபோகவில்லை. வெள்ளைத் துணியை அதன் மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு, காரை நோக்கி நடந்தாள்.

*

நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் அன்று தேவைக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். விடுப்பில் இருந்தவர்கள்கூட வந்து சுவரோரம் நின்றார்கள்.

இந்த நாளை இதற்கு முன்பும் குறித்திருக்கிறார்கள். வடக்கே போர் மூண்டு எரிவாயு விலை எகிறியபோது, "இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுங்கள்" என்று ஏதென்ஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அப்போது எல்லோருக்கும் இந்தக் கரி வேண்டியிருந்தது. இப்போது மறுபடி வேண்டாம் என்றாகிவிட்டது.

விடிந்ததிலிருந்து சுமையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கரி அரைக்கும் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"இனிமே வீட்டு ரேடியேட்டருக்குச் சுடுதண்ணி எங்கிருந்து வரும்?" என்று கேட்டான் ஸ்தாத்திஸ். அவன் அனெஸ்திஸிடம் தொழில் பழகியவன். பட்டணம் முழுவதும் குளிர்காலத்தில் இந்த நிலையத்தின் வெந்நீர்க் குழாயால்தான் சூடாகிறது.

"புதுசா பாய்லர் வச்சிருக்காங்களே. கேஸ்ல ஓடுது" என்றார் இன்னொருவர்.

"கேஸ் விலை மறுபடி ஏறுச்சுன்னா?"

"கம்பளி போத்திக்க."

"பெரிய பேட்டரி வரப்போகுதாம். பகல்ல வர்ற வெயிலை ராத்திரிக்குச் சேத்து வைக்குமாம்."

"வெயிலா? வெளிய பாருடா."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே பனியைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஏதென்ஸிலிருந்து தொலைபேசி வந்தது. நாட்டின் மின்தொகுப்பைக் கவனிக்கும் அலுவலகத்தில் யாரோ ஒரு சின்னப் பெண். "தொகுப்பிலிருந்து பிரிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு, எதையோ சொல்ல வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, "நன்றி ஐயா" என்றாள்.

அனெஸ்திஸ் பொத்தானை அழுத்தினார்.

கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. டர்பைன் உடனே நிற்காது. அதன் இரைச்சல் மெல்ல மெல்ல இறங்கியது, ரொம்ப நேரம் இறங்கியது. பாதத்தின் கீழே தரையில் எப்போதும் இருந்த நடுக்கம் எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. போனபிறகுதான் உணர்ந்தார்கள். ஸ்தாத்திஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அனெஸ்திஸின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இசாக்.

"அப்பா, அம்மா இங்க வந்திருக்கா. மிஷினுக்கு முன்னால நிக்கிறா."

"எங்கே?"

"பெத்ரோலக்காவுல. அங்கதான் எனக்கு இப்போ வேலை. அக்கா உங்ககிட்ட சொல்ல வேணாம்னா." அவன் குரல் தணிந்தது. "நீங்க வாங்கப்பா. அம்மா என்னென்னவோ சொல்றா."

அனெஸ்திஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அருகே இருந்தவர்கள், உலை அணைந்த வருத்தம் என்று நினைத்து அவர் தோளைத் தட்டினார்கள்.

*

பார்தெனா காவலாளியைக் கேட்கவில்லை. வேலியின் வாயில் வழியே நுழைந்து, உறைந்த சேற்றில் நடந்து, இரைந்துகொண்டிருந்த மிஷினின் முன்னால் போய் நின்றுகொண்டாள். இசாக் பதறிப்போய் எஞ்சினை அணைத்தான்.

சிமேலா கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா, ஹெல்மெட் இல்லாம இங்க வரக் கூடாது."

"என் தலையில என்ன விழப்போகுது? இங்க இருந்த கூரையெல்லாம் எப்பவோ விழுந்தாச்சு."

சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே வரை, இரும்புக் கம்பங்கள் வரிசை வரிசையாக நின்றன. தகடுகள் இன்னும் மாட்டவில்லை. பனியில் அவை எங்கே முடிகின்றன என்றே தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்றாள் பார்தெனா.

"சொல்லணும்னுதான் இருந்தேன். அப்பாவோட சண்டை வந்துடுச்சு." சிமேலா தாயின் கையைப் பிடித்தாள். "இங்க ஒண்ணுமே இல்லம்மா. கோயில் இல்ல, கல்லறை எல்லாம் மாத்தியாச்சு. வெறும் புல்லு. கரி எடுக்க வாங்கின நிலத்தை எங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்காங்க."

"கரி எடுக்கத்தான் எங்களைக் கிளப்பினாங்க. எடுக்கலை. அப்போ நிலத்தைத் திருப்பித் தந்திருக்கணும்ல?"

"சட்டத்துல அப்படி ஒரு வழி இல்ல."

"உனக்கு மட்டும் இருந்துச்சா?"

இந்தக் கேள்வியைச் சிமேலா தனக்குத்தானே கேட்டுக்கொண்டதுண்டு. தரிசாய்க் கிடக்கும் நிலத்தில் புகையில்லாத மின்சாரம், நிலையத்திலிருந்து வேலை போனவர்களுக்கு வேலை. இதில் என்ன தப்பு என்று ஒவ்வொரு முறையும் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பார்தெனா மிஷினுக்குப் பின்னால், அடுத்த வரிசை வரவேண்டிய இடத்தைக் கைகாட்டினாள். இடிந்த கோயில் மதிலின் சில கற்களும், அதற்கு வெளியே வெட்டுண்ட அடிமரம் ஒன்றும் தெரிந்தன.

"அது காட்டுப் பேரி மரம். அதுக்கடியில உன் அண்ணன் இருக்கான்."

அம்மா தடுமாறிப் பேசுகிறாள் என்று சிமேலா நினைத்தாள். "எனக்கு ஏதும்மா அண்ணன்?"

"இருந்தான். ஒரு பகல் பொழுது இருந்தான்." பார்தெனாவின் குரல் உயரவில்லை. "கொசானி ஆஸ்பத்திரியில பொறந்தான். எனக்கு வயித்தைக் கிழிச்சிருந்தாங்க, எழுந்திருக்க முடியல. அவனுக்கு ஞானஸ்நானம் குடுக்கறதுக்கு முன்னாலயே போயிட்டான். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை இடுகாட்டுக்குள்ள விட மாட்டேன்னார் அப்போ இருந்த பாதிரியார். உன் அப்பாதான் தனியா எடுத்துட்டுப் போய் மதிலுக்கு வெளியே, இந்த மரத்தடியில வச்சார்."

இசாக் மிஷினிலிருந்து இறங்கி வந்து நின்றிருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"எலும்பெல்லாம் மாத்தினாங்களே, அப்போ இவனை?" என்று கேட்டாள் சிமேலா.

"கோயில் கணக்குல இருந்தவங்களைத்தான் மாத்தினாங்க. இவனுக்குப் பேரே இல்ல. எந்தக் கணக்குல இருப்பான்?" பார்தெனா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "சுரங்கம் ஊரை நெருங்கி வரவர நான் தூங்கல. கரியோட கரியா அள்ளிட்டுப் போய் உன் அப்பாவோட உலையிலயே போட்டுடுவாங்களோன்னு. சுரங்கம் நின்னுபோச்சுன்னு டிவியில சொன்னாங்க. வீணா இடத்தை விட்டோமேன்னு அன்னிக்கு நம்ம ஊரே அழுதுச்சு. நான் மட்டும்தான் சந்தோஷப்பட்டேன், அதையும் யார்கிட்டயும் சொல்ல முடியல."

சிமேலா அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் உன்னை மூத்தவ, மூத்தவன்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்குன்னு இருக்கும். இன்னிக்குப் பேரெல்லாம் வாசிக்கிறாங்க. அவனுக்குத்தான் பேர் இல்லையே. அதான் நான் வருஷா வருஷம் இங்க வந்துடறது."

சிமேலா கொட்டகைக்குப் போய் ஏதென்ஸில் இருக்கும் தன் மேலாளரை அழைத்தாள். விஷயத்தை முழுதாகச் சொல்ல அவர் விடவில்லை.

"பதிவான கல்லறையா?"

"இல்ல."

"பிறகென்ன?"

"எங்கம்மா சொல்றாங்க சார்."

"சிமேலா, கேளு. எலும்புன்னு வாயைத் திறந்தா போலீஸ் வரும், தொல்லியல் துறை வரும். வேலை கோடை வரைக்கும் நிக்கும். மாசக் கடைசிக்குள்ள நாம தயாரா இல்லைன்னா மின்தொகுப்பு இணைப்பு நம்ம பின்னால நிக்கிறவனுக்குப் போயிடும். இந்தப் பக்கத்து மின்கம்பித் தடத்துல வேற இடமே கிடையாது, உனக்கே தெரியும். உன்கிட்ட வேலை பாக்கறவங்க எல்லாம் எங்கே போவாங்க? உன் தம்பியும் அதுல ஒருத்தன்தானே?" ஒரு கணம் நிறுத்தினார். "நீ எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. திங்கட்கிழமை நானே வரேன்."

அவள் வரைபடத்தை மேஜையில் விரித்தாள். அடிமரத்தைச் சுற்றி வரும் தகடுகளைக் கோடு கிழித்து நீக்கிவிட்டு, சரிவின் கடைசியில் கற்பாறையாக இருக்கிறதென்று ஒதுக்கியிருந்த மூலையில் அவற்றை வரைந்தாள். அங்கே கம்பம் இறங்காது, துளை போட வேண்டும். நாள் பிடிக்கும். திங்கட்கிழமை என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் வரைந்துவிட்டாள்.

முளைகளையும் சிவப்பு நாடாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அக்காவும் தம்பியும் அடிமரத்தைச் சுற்றி முளை அடித்து நாடாவைக் கட்டினார்கள்.

"இதுக்குள்ள யாரும் வர மாட்டாங்கம்மா. சுத்தி வேலி போட்டுத் தரேன்."

பார்தெனா நாடாவுக்குள் மண்டியிட்டாள். துணியை அவிழ்த்து, ஒரு பிடி கோதுமையை மரத்தின் வேர்மேல் வைத்தாள். உதடுகள் அசைந்தன. எழுந்து மகளின் கன்னத்தைத் தொட்டாள். அந்த முகத்தில் இப்படியொரு நிம்மதியை சிமேலா பார்த்ததே இல்லை.

*

பொழுது சாயும் முன், மூடுபனி விலகிய நேரத்தில் அனெஸ்திஸ் வந்து சேர்ந்தார். சீருடையை மாற்றவில்லை. வேலி வாயிலில் காரை நிறுத்திவிட்டு இறங்கியவர், நடக்காமல் அங்கேயே நின்றார்.

சிமேலா ஒன்றைக் கவனித்தாள். மேலே அடிமரத்தருகே அம்மா நிற்பது வாயிலிலிருந்தே நன்றாகத் தெரியும். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சரிவின் கீழே, ஏற்கெனவே கம்பம் அடித்து முடித்த வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேலே ஏறி வந்தார்.

"நின்னுபோச்சா?" என்று கேட்டாள் பார்தெனா.

"நின்னுபோச்சு."

"பாரு, பிள்ளைங்க இடம் ஒதுக்கிட்டாங்க. ஒரு குறையும் வராதுன்னு சொல்றா." அவர் உள்ளங்கையில் ஒரு பிடி கோதுமையை வைத்தாள். "ஒருவழியா வந்துட்டே. சாப்பிடு."

அவர் விரல்களை மூடிக்கொண்டார். வாயில் போடவில்லை.

"சிமேலா, ஒரு நிமிஷம் வா" என்றார். போன வாரத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசும் முதல் பேச்சு.

இருவரும் சரிவில் இறங்கி, மிஷின் நின்ற இடத்தைத் தாண்டினார்கள். இசாக் அதன் மறுபக்கம் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

"அங்க இல்ல" என்றார் அனெஸ்திஸ்.

"எது?"

"அவன் அந்த மரத்தடியில இல்ல." அவர் மகளைப் பார்க்காமல் பேசினார். "அது ஜனவரி. மண்ணு கல்லு மாதிரி உறைஞ்சு கிடந்துச்சு. மரத்தைச் சுத்தி ஒரே வேர். மம்பட்டி தெறிச்சு விழுது. இருட்டிக்கிட்டு வருது. அவனைக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்னு நிக்கிறது? எங்க அப்பாவோட லீக்ஸ் வெங்காயப் பாத்தி கீழே இருந்துச்சு. வருஷக்கணக்கா கிளறிக் கிளறிப் பதமான மண்ணு. வைக்கோல் போட்டு மூடி வச்சிருந்ததால உறையல. அங்க வச்சேன்."

"அம்மாகிட்ட ஏன்பா..."

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில்ல கிடந்தா. 'மரத்தடியிலதானே வச்சே? பேரி மரத்தடியிலதானே?'ன்னு கேட்டா. காய்கறிப் பாத்தியில வச்சேன்னு எப்படிச் சொல்றது? ஆமான்னேன். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அவ அந்த மரத்துக்கு வர ஆரம்பிச்சுட்டா. அதுக்கப்புறம் சொல்ல முடியுமா? சொல்லு."

சிமேலாவுக்குக் குளிர் இப்போதுதான் உறைத்தது. "பாத்தி எங்கே இருந்துச்சு?"

அவர் கையை நீட்டினார். மடித்த விரல்களுக்குள் கோதுமை இன்னும் இருந்தது. அவர் காட்டிய திசையில் கம்பங்கள் நின்றன. நேற்று அடித்து முடித்தவை.

"உறுதியா தெரியுமாப்பா? வீடே இல்லையே இப்போ."

"கிணத்து மேடு தெரியுதா? அதுலேருந்து நேர் கீழே. கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் அம்மாவுக்குச் சொல்லாதே. அவளுக்கு அந்த மரம் போதும். தம்பிக்கும் சொல்லாதே. முக்கியமா தம்பிக்கு."

பின்னால் சேறு நொறுங்கும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள்.

இசாக் கையில் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தான்.

"எந்த வரிசை?" என்றான்.

"அக்கா, உன்னைத்தான் கேக்கறேன். கிணத்து மேட்டுக்கு நேர் கீழே, எந்த வரிசை?"

சிமேலாவின் கண் போன இடத்தை அவன் பார்த்துவிட்டான்.

"அங்க மட்டும் மண்ணு பொலபொலன்னு இருந்துச்சு" என்றான். "மத்த இடத்துல மிஷின் திணறுச்சு. அங்க ஒரே மூச்சுல இறங்கிடுச்சு. நல்ல மண்ணுன்னு நினைச்சு, பசங்ககிட்ட சொல்லிச் சிரிச்சேன்."

அனெஸ்திஸ் அவன் தோளைத் தொடக் கை நீட்டினார். அவன் விலகி, கம்பங்களை நோக்கி இறங்கத் தொடங்கினான்.

"இசாக்" என்றாள் சிமேலா. அவன் நிற்கவில்லை.

மேலிருந்து பார்தெனாவின் குரல் கேட்டது. "எங்கே போறீங்க மூணு பேரும்? இருட்டப்போகுது. வந்து ஆளுக்கு ஒரு பிடி சாப்பிட்டுப் போங்க."